கூனக்கரட்டுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

இப்போதெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும் மனிதர்கள் வருவதில்லை. வீட்டில் படுத்துக்கொண்டே போனில் மொய் அனுப்பிவிட்டு, வந்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ராசிங்காபுரம் பக்கம் மகாராஜன் தன் கல்குவாரியை விரிவாக்கக் கூட்டிய கூட்டத்துக்கும் அதே கதைதான். நூற்றுப் பதினான்கு வீடுகளை அழைத்ததில் வந்தவர்கள் பத்தொன்பது பேர். அழைத்த மரியாதைக்குக் காலை பத்து மணிக்கே வந்து உட்கார்ந்தது கூனக்கரடு என்ற பாறைக்குன்று ஒன்றுதான்.

கரட்டின் மேற்குப் பக்கத்தை மகாராஜன் ஆறு வருடமாக வெடிவைத்து ஜல்லியாக்கி விற்றுவந்தார். மிச்சமிருந்த கிழக்குப் பக்கம் ஏழு ஏக்கரையும் உடைக்க அனுமதி கேட்டிருந்தார். அந்தக் கிழக்குப் பக்கத்துக் கசிவில்தான், கரட்டடியில் சோளம் போடும் ராக்கையாவின் கிணறு ஊறியது. மேற்கே வெடிவைத்த முதல் கோடையிலேயே அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர் கோட்டைச்சாமியின் கிணறு வற்றி, இப்போது அதில் கோழி மேய்கிறது. அடுத்தது தன் கிணறுதான் என்று ராக்கையாவுக்குத் தெரியும். எழுபத்து மூன்று வயதுவரை அவர் எதையும் நம்பியதில்லை. அமாவாசை என்று காலண்டர் சொன்னால்கூட ஆகாயத்தைப் பார்த்துவிட்டுத்தான் எள்ளும் தண்ணீரும் இறைப்பார்.

கூட்டத்துக்கு அழைக்க மகாராஜனின் மேனேஜர் வினோத்குமார் வெற்றிலைத் தட்டோடு வந்தபோது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாங்கிக்கங்க மாமா. கூட்டத்துக்கு வந்து ஒங்க கருத்தச் சொல்லுங்க. சட்டப்படி வீட்டுல இருந்து முந்நூறு மீட்டர் தள்ளி ஒடைக்கலாம். நாங்க அளந்துட்டோம், ஒங்க வீட்டுக்கு முந்நூத்திப் பத்து இருக்கு."

"தொட்டா வந்தாகணும். வந்தா கையெழுத்து வாங்குவீக. போடா போ, ஒஞ் சோலியப் பாரு."

வைத்த வெற்றிலையைத் திருப்பிக் கொண்டுபோனால் முதலாளி வைவார். வினோத்குமார் சோளக்காட்டு வரப்பில் நடந்து, கரட்டின் அடிப்பாறையில் வெற்றிலையையும் பாக்கையும் வைத்து, "மாமா வரலேன்னா நீயாச்சும் வந்து சேரு" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தப் பக்கத்தில் யாரும் செய்யக் கூடாத காரியம் அது. வெற்றிலையோடு சொன்ன சொல்லுக்கு விளையாட்டு வினை என்ற பேதம் கிடையாது.

கூட்டம் நடந்த செவ்வாய்க்கிழமை கரடு எழுந்து தேவாரம் ரோட்டின் இடது ஓரமாகவே போயிற்று. மலைத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்புகளுக்கு இரண்டு இடத்தில் ஒதுங்கி வழிவிட்டது. அன்று போடி ஏலத்தில் ஏலக்காய் விலை இறங்கியிருந்ததால் ஜீப்புக்குள் அந்தப் பேச்சுத்தான் ஓடியது. கரடு மகாராஜனின் கல்யாண மண்டபத்து வாசலை அடைத்து உட்கார்ந்து, உள்ளே திரையில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிய தன் படத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் நடத்த வந்த அதிகாரியம்மா வருகைப் பதிவேட்டில் 'கரடு, ஒன்று' என்று எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க அனுமதி கேட்ட சர்வே நம்பர்ல இப்பக் கல்லே இல்ல. கல்லு இருக்குற எடத்துல மண்டபம் இருக்கு. எதுக்கு நான் அனுமதி தர்றது?" என்று கேட்டுவிட்டு, பின்வாசல் வழியாகக் கிளம்பினார்.

சாப்பாட்டுக்குக் கரட்டின் முன்னாலும் இலை போட்டார்கள். அது இரண்டு வாளி ரசத்தை உறிஞ்சிக்கொண்டு, எழுந்திருக்காமல் இருந்தது.

கரடு கிளம்பிய நிமிடத்திலேயே ராக்கையாவின் கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. புதன்கிழமை மோட்டார் காற்றை இழுத்தது. வியாழக்கிழமை சேற்றில் தவளை முதுகு தெரிந்தது. கசிவும் கரட்டோடு விருந்துக்குப் போய்விட்டது என்றாள் அவர் பெண்டாட்டி சுந்தரம்மாள். "கூப்புட்டவுகதானே அனுப்பி வைக்கணும்? தாம்பூலம் குடுக்காம எந்த விருந்தாளி எந்திரிப்பான்? போயிச் சொல்லிட்டு வாங்க."

மண்டபத்துப் படியை மிதிப்பதில்லை என்றிருந்த ராக்கையா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் மகாராஜனின் மகள் பவதாரணிக்குக் கல்யாணம். பந்தல்காரனும் சமையல்காரனும் கரட்டைத் தாண்டிப் பந்தக்காலும் அண்டாவும் கொண்டுபோக வழியில்லாமல் நின்றார்கள்.

"சித்தப்பு, ஒரு ஓரமா வெடி வச்சா கெளம்பிரும்ல?" என்றார் மகாராஜன்.

"மக கல்யாணத்துக்கு வந்தவுகள வெடி வச்சு அனுப்புனான்னு ஊரு பேசும், பரவாயில்லையா? தாம்பூலப் பையக் கொண்டா. ரெண்டு கையாலயும் குடு."

மகாராஜன் முறைத்தார். ஆனால் பொழுது போய்க்கொண்டிருந்தது. தேங்காய் போட்ட மஞ்சள் பையை இரண்டு கையாலும் நீட்டி, "போயிட்டு வாங்க" என்றார். போகிறவர்களைப் 'போ' என்று மட்டும் சொல்லும் வழக்கமில்லாததால் அந்த 'வாங்க'வும் சேர்ந்துதான் வந்தது. கரடு பையைத் தன் வேலமரத்தில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பிற்று.

பொழுது சாயுமுன் கிணறு ஒன்பதாவது படிவரை ஏறியிருந்தது. ஆனால் கரடு பழைய இடத்தில் உட்காரவில்லை. அறுபது மீட்டர் கிழக்கே நகர்ந்து, ராக்கையாவின் சோளக்காட்டின் மேல் காலை நீட்டியிருந்தது. அளக்க வந்த வினோத்குமார் ராக்கையாவின் வீட்டுக்கு இருநூற்று ஐம்பது மீட்டர் என்று எழுதிக்கொண்டு போனான். விரிவாக்கம் அதோடு முடிந்தது. மகாராஜன் வேறு ஊரில் வேறு கரடு பார்க்கிறார். வெற்றிலை மட்டும் எடுத்துப்போவதில்லை.

ராக்கையா கயிறு கொண்டுவந்து தானும் அளந்தார். முப்பது சென்ட் போயிருந்தது.

"நல்லது செய்யிறவன் அவன் எடத்துல இருந்து செய்யணும்" என்றார் கரட்டைப் பார்த்து. "எங் காட்டுல என்ன வேல?"

"கெணத்துல தண்ணி நிக்குதுல்ல?" என்றாள் சுந்தரம்மாள்.

"இன்னைக்கி நிக்கிது. நாளைக்கி எவனாச்சும் வெத்தல வச்சா இதுபாட்டுக்கு எந்திரிச்சுப் போயிரும். ஓசிச் சோத்துக்குப் போன பயதானே இது."

வேலமரத்தில் தொங்கிய பையை இறக்கி, தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் ஆடியது. முற்றின காய்தான். அழுகல் என்று சொல்ல வழியில்லாத கோபத்தில் அதை மறுபடி பையில் போட்டு மரத்திலேயே மாட்டினார். பாறையில் காய்ந்துகிடந்த பழைய வெற்றிலையை மட்டும் எடுத்து, இனி எவன் கையிலும் சிக்காதபடி மடியில் செருகிக்கொண்டார். கயிற்றைச் சுற்றித் தோளில் போட்டு, முப்பது சென்ட், முப்பது சென்ட் என்று முனகியபடி வரப்பில் இறங்கி நடந்தார்.