காரில் உண்டது வீட்டில் உண்டதாகுமா?

1

அன்று மெல்பேர்னில் எங்கள் கிளேற்றன் வீட்டில் இருந்தவர்கள்: நான், காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி இராஜேஸ்வரி, அவளுடைய மகன் மகாதேவன், மகள் கிரிஜா, அழைப்பில்லாமல் வந்த சிவமணி. வேறு ஒருவரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் மெல்பேர்னில் சிலரும் சிட்னியில் பலரும் இருக்கிறார்கள். அந்த அறையில் அத்தனை பேரை இருத்தக் கதிரை கிடையாது.

இந்தக் கதை பிறந்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1978 பொங்கல் மலருக்குத் தமிழ்ச் சங்கத்தார் மகாதேவனிடம் ஒரு பயணக் கட்டுரை கேட்டார்கள். ‘ஆபிரிக்கக் காட்டில் ஒரு சாகசப் பயணம்’ என்று தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள். மகாதேவன் பொறியியலாளன். அவனுக்குப் பாலம் கட்ட வரும். வசனம் கட்ட வராது. “பெரியப்பா, நீங்கள் எழுதுங்கோ” என்று என்னிடம் தள்ளிவிட்டான். நான் ஆபிரிக்காவுக்குப் போனதில்லை. போய் வந்தவர்கள் எழுதுவதை வாசித்த பிறகு, அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை.

பெயர்களையாவது மாற்றும்படி சொன்னார்கள். மாற்றினால், யார் யார் என்று கண்டுபிடிப்பதிலேயே இரண்டு நகரங்களும் ஒரு மாதத்தைப் போக்கும். இருந்தபடியே இருக்கட்டும். எங்கள் குடும்பத்தில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘செங்கதிரோன் மேற்கே சாய்ந்துகொண்டிருந்த அடர்ந்த கானகத்தின் நடுவே, மதங்கொண்ட களிறு ஒன்று—’

வேண்டாம். மகாதேவனை விசாரித்ததில் அவை பெண் யானைகளாம். ஒன்றுக்கும் மதமில்லையாம். செங்கதிரோனைப் பற்றி அவனுக்கு ஞாபகமில்லை.

பிறகு இப்படி:

‘நட்பின் மாண்பை எடுத்தியம்ப இதனினும் சிறந்த—’

இதுவும் வேண்டாம். நட்பின் மாண்பு சங்க மலர்களில் ஏற்கெனவே போதிய அளவு எடுத்தியம்பப்பட்டிருக்கிறது.

ஆகவே, நடந்ததை நடந்தபடி. 1976ஆம் ஆண்டு மகாதேவன் சாம்பியாவுக்குப் போனது சாகசத்துக்கும் அல்ல, முழுக்க நட்புக்கும் அல்ல. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனான். யாழ்ப்பாணத்து விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருந்து படித்த தேவராஜா, சாம்பியாவில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் கணக்கு வாத்தியார். தேவராஜாவின் தம்பி மகேந்திரராஜா அந்நாட்டுச் செம்புச் சுரங்கத்தில் எஞ்சினியர். சம்பந்தம் அவர்கள் பக்கத்திலிருந்து வந்தது. ‘சிநேகிதனைப் பார்க்கப் போகிறான்’ என்று ஊருக்குச் சொன்னோம். பேச்சு வெளியே வந்து பிறகு குழம்பினால், மெல்லப்படுவது பெண்ணின் பெயர்தான்.

சம்பந்தம் பேசுகிற வீட்டில், முடிவாகும் வரை நாங்கள் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். இந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை, காப்பாற்றுகிறேன், அவ்வளவுதான். மகாதேவனை இருத்திச் சொல்லி அனுப்பினேன்: ஹோட்டலில் தங்கு, தண்ணீர் குடிக்கலாம், தேநீர் கூடாது.*

* தேநீர் தன்னளவில் குற்றமற்றது. ஆனால் எங்கள் பெண்கள் அதைத் தனியே கொண்டுவருவதில்லை. பின்னாலேயே ஒரு தட்டு வரும்.

கிரிஜாவுக்கு மருந்தியல் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. கல்யாணம் என்றால் சாம்பியா. சாம்பியா என்றால் படிப்பு இல்லை. அவளிடம் அபிப்பிராயம் கேட்பது வழக்கமில்லை என்பதால், துல்லமறீன் விமான நிலையத்தில் அவளே அதை அண்ணனிடம் சொன்னாள்.

“அண்ணா, ரிட்டேர்ன் டிக்கட் உங்களுக்குத்தான். நீங்கள் அங்கை ஒரு வாய் சாப்பிட்டா எனக்கு வன்-வே.”

“நான் சாப்பிடன்.”

“தேவராஜா அண்ணையைக் கண்டா நீங்கள் உங்கட பேரையே மறந்திடுவியள்.”

“எடி, நான் சாப்பிடன் எண்டுறன்.”

“பிஸ்கட் பெட்டி வைச்சிருக்கிறன். சூட்கேசில பாருங்கோ.”

3

தென்னாபிரிக்கா வழியாகப் போவது கிட்ட. ஆனால் அந்த நாட்டு விமான நிலையத்தில் எந்த நிறத்தாருக்கு எந்த இருக்கை என்று எழுதி வைத்திருப்பார்களாம். யாரோ விரல் காட்டும் இடத்தில் எங்கள் குடும்பத்தார் உட்கார்வதில்லை. எனவே பம்பாய், நைரோபி, லுசாக்கா என்று சுற்றிப் போனான்.

இங்கே மகேந்திரராஜாவை அறிமுகப்படுத்த வேண்டும். அங்கேதான் எனக்குச் சங்கடம். நான் அவரைப் பார்த்ததில்லை. தலைக்கவசத்தோடு ஒரு சுரங்க வாசலில் நிற்கும் படம் மட்டும் பார்த்திருக்கிறேன். முகத்தில் பாதி நிழல். அந்தப் பாதியை வைத்து ஒரு குடிகாரனாக எழுதிப் பார்த்தேன். சூதாடியாகவும் எழுதினேன். மகாதேவன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “சும்மா இருங்கோ பெரியப்பா, தங்கமான பெடியன்” என்றான். இது கதைக்குப் பெரிய இடைஞ்சல். மாப்பிள்ளை கெட்டவனாக இருந்தால் எல்லாம் இரண்டாம் பக்கத்திலேயே முடிந்திருக்கும்.

லிவிங்ஸ்டனில் மகாதேவன் நாளொரு சாட்டுச் சொன்னான். முதல் நாள் விரதம். மறுநாள் வயிறு சரியில்லை. அதற்கடுத்த நாள் ஹோட்டலில் இப்போதுதான் சாப்பிட்டேன். அந்த ஹோட்டல்காரர் எதைக் கேட்டாலும் வேகவைத்த மாட்டிறைச்சியைத்தான் கொண்டுவந்து வைத்தார். அவன் அறைக்குப் போய்ப் பிஸ்கட் தின்றான். அவ்வூரின் உலகப் புகழ் பெற்ற அருவியைப் பிஸ்கட் வயிற்றோடு பார்த்தான். புகைபோல எழும்பிய சாரல் அவனுக்குப் புட்டுப் பானையின் ஆவியை ஞாபகப்படுத்தியதாம்.

தேவராஜாவுக்கு எல்லாம் விளங்கியது. அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே.

“மச்சான், ஹொஸ்டல்ல என்ரை சாப்பாட்டுக் கோப்பையில கை போட்டு அள்ளித் திண்டனி. அப்ப உனக்கு விரதம் இருக்கேல்லை.”

“அப்ப உனக்குத் தம்பி இருக்கேல்லை.”

“அப்பவும் இருந்தவன். உனக்குத்தான் தங்கச்சியின்ரை யோசனை இருக்கேல்லை.”

4

நாலாம் நாள் மூவருமாகக் கஃபுவே வனவிலங்குச் சரணாலயத்துக்குப் புறப்பட்டார்கள். தேவராஜா காரை ஓட்டினான். பக்கத்தில், சுரங்கத்திலிருந்து லீவில் வந்திருந்த மகேந்திரராஜா. பின்னால் மகாதேவன், அவன் மடியில் தேவராஜாவின் மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டுக் கரியர். சோளமாப் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, முட்டைப் பொரியல். அந்த நாட்டில் அரிசிமா அருமை என்பதால் சோளமாவில் புட்டு அவித்துப் பழகியிருந்தார்கள். அவனுடைய பிஸ்கட் பெட்டி காரின் டிக்கிக்குள் இருந்தது.

வழியில் வற்றிப்போன ஓர் ஆறு. பழைய பேஜோ கார் நடு மணலில் புதைந்தது. இறங்கித் தள்ளலாம் என்று கதவைத் திறக்கும்போது, எதிர்க் கரையிலிருந்து யானைகள் இறங்கின. கோடையில் அவை ஆற்று மணலைத் தோண்டித் தண்ணீர் எடுக்குமாம். இவர்கள் புதைந்த இடம் அவற்றின் கிணற்றடி. காரைச் சுற்றி நின்று, காலால் மணலைத் தட்டித் தோண்டத் தொடங்கின. மூவரும் கதவை மெல்லச் சாத்தினார்கள்.

“எவ்வளவு நேரம் நிக்கும்?” மகாதேவன் கிசுகிசுத்தான்.

“அதுகளுக்கு மீற்றிங் ஒண்டும் இல்லை, மச்சான்.”

வெயில் ஏறியது. கார் அடுப்பாகியது. கரியரிலிருந்து குழம்பு மணம் வந்தது. முன்னால் இருந்த இருவரும் வாங்கிச் சாப்பிடவில்லை. விருந்தாளி தொடாமல் எப்படித் தொடுவது? மகாதேவன் திரும்பி டிக்கிப் பக்கம் பார்த்தான். அங்கே ஒரு கிழட்டு யானை, அவனுடைய பிஸ்கட் பெட்டிக்குக் காவல் வைத்ததுபோல நின்றது.

[இந்த இடத்தில் மகாதேவன், “அது கிழட்டு யானையில்லை” என்றான். இருக்கட்டும். ஏதாவது ஒன்றையாவது நான் எழுத வேண்டாமா?]

“அண்ணை, சாப்பிடுங்கோ,” என்றார் மகேந்திரராஜா. “இங்கை ஒருத்தரும் பாக்கேல்லை.”

“ஆனை பாக்குது.”

5

சாப்பிட்டானா? எழுதி வைத்திருப்பது இது:

‘பசி குடலைப் பிடுங்கியபோதும் மகாதேவன் குலப் பெருமையை எண்ணி, நீட்டப்பட்ட கவளத்தைப் புன்னகையோடு விலக்கி—’

இந்த வசனத்தை எழுதிவிட்டு நான் எழுந்து சற்று உலாவினேன். அவ்வளவு திருப்தி. மகாதேவன் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “பெரியப்பா, நான் ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டனான்.”

எனவே அந்த வசனம் அடிக்கப்பட்டது. நடந்தது இது.

பின் கதவுக் கண்ணாடி முழுதாக மூடாது. மேலே ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளி வழியாக ஒரு துதிக்கை உள்ளே வந்தது. நுனி ஈரமாக இருந்தது. அது அவன் தோளை மணந்து பார்த்தது, காதை மணந்து பார்த்தது, பிறகு மடியை நோக்கி இறங்கியது.

“கெதியாச் சாப்பிடடா,” என்றான் தேவராஜா, உதடு அசையாமல். “ஆனை சாப்பிட்டா ஆனைதான் சம்பந்தி.”

மகாதேவனுக்குச் சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வந்தன. துதிக்கை ஏனோ சலித்துக்கொண்டு வெளியே போனது. அப்போது தேவராஜா முன் இருக்கையிலிருந்து திரும்பி, கரியரைத் தன் பக்கம் இழுத்துத் திறந்து, புட்டில் குழம்பு விட்டுப் பிசைந்தான்.

“நீ பட்டினி எண்டு எனக்கு நாலு நாளாத் தெரியும். நான் வீட்டில போய்ச் சாப்பிடுறன், இறங்குதில்லை. என்ரை மனிசியும் கேக்கிறாள், ‘இவரோ உங்கட உயிர்ச் சிநேகிதன்?’ எண்டு. இண்டைக்கு இதுகள் எங்களை மிதிச்சாலும் மிதிக்கும். பட்டினியாச் செத்தான் எண்டு உன்ரை அம்மாவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

“நீயும்தானே செத்திடுவாய்.”

“பகிடியை விடு. வாயைத் திற.”

மகாதேவன் தங்கையை நினைத்தான். இதை அவன் என்னிடம் சத்தியம் பண்ணிச் சொன்னான், நான் நம்புகிறேன். விமான நிலையத்தில் அவள் நின்ற விதத்தையும், வன்-வே என்று சொன்னபோது அவள் சிரிக்காததையும் நினைத்தான். எதிரே சிநேகிதனின் கை கவளத்தோடு நீண்டிருந்தது. குழம்பு மணிக்கட்டு வழியாக இறங்கிச் சட்டைக் கைக்குள் போனது. அந்தக் கையைத் திருப்பி அனுப்பினால் பிறகு எந்த முகத்தோடு மெல்பேர்னுக்குப் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தான்.

பின்னேரமாகி யானைகள் போனபின், அவ்வழியே வந்த ஒரு லொறிக்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். சாகசம் இவ்வளவுதான். சங்கத்தார் மன்னிக்க வேண்டும்.

6

இனி, அவன் திரும்பி வந்த அன்று கிளேற்றன் வீடு. மகாதேவன் பெட்டியைத் திறக்கவுமில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டான்.

“சாப்பிட்டிட்டியோ?” என்றாள் இராஜேஸ்வரி.

“ஓம் அம்மா.”

“அப்ப குடுக்கத்தான் வேணும். வேறென்ன.”

“பொறு,” என்றேன் நான். “எங்கை சாப்பிட்டவன்? காருக்குள்ளை. கார் வீடில்லை.”

“சமைச்சது வீட்டிலதானே, அத்தான்?”

சிவமணிக்குத் தபால் கந்தோரில் வேலை. செய்தி கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவருக்கு வேலை நேரம் என்று தனியாக ஒன்று இல்லை. அவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். “கதவு இருக்கு, கண்ணாடி இருக்கு, பூட்டும் இருக்கு. வேறென்ன அண்ணை வீடு? இந்த நாட்டில சனம் கராவனுக்குள்ளை குடும்பம் நடத்துது.”

“கராவனில சமைக்கக் குசினி இருக்கு. பேஜோவில இருக்கோ?”

“காருக்குச் சொந்தக்காரன் ஆர்? மாப்பிள்ளையின்ரை தமையன்.”

“ரெண்டாந்தரமும் வாங்கினவன்,” என்றாள் இராஜேஸ்வரி, அழுதபடி.

கிரிஜா அதுவரை வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். “சாப்பிட்டது அண்ணாதானே? அப்ப அவரைக் கட்டிக் குடுங்கோ.”

சிவமணி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் தீர்ப்புச் சொன்னேன். இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். எழுந்து போகக்கூடிய ஒருவன் இருந்து உண்டால்தான் அது சம்மதம். சுற்றிவர யானை நிற்க, எழும்ப முடியாமல் இருந்தவன் உண்டது சம்மதமாகாது. எங்கே உண்டான், எத்தனை தரம் உண்டான் என்பதெல்லாம் பிறகு.

சிவமணியே தலையாட்டினார்.

“பெரியப்பா,” என்றாள் கிரிஜா. “எழும்பிப் போகேலாத இடத்தில சொல்லுற ஓம், ஓம் இல்லை. அப்பிடித்தானே?”

“அப்படித்தான்.”

“எல்லாருக்குமோ?”

நான் சற்று யோசித்தேன். தீர்ப்பு என்றால் எல்லாருக்கும்தான். “ஓம்,” என்றேன்.

“சந்தோசம்,” என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “எனக்கு ட்ரெயினுக்கு நேரமாகுது. போயிட்டு வாறன்.”

7

முடிவு எழுதும்படி சங்கத்தார் நெருக்குகிறார்கள். சில முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

கிரிஜா லிவிங்ஸ்டனில் இறங்குகிறாள். தேவராஜாவின் மனைவி வாசலில் ஆரத்தியோடு நிற்கிறாள். தூரத்தில் அருவி— மங்களமாக முடிய வேண்டும் என்பவர்கள் மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

மகேந்திரராஜா சுரங்க வேலையை விட்டு மெல்பேர்னுக்கு வருகிறார். கிரிஜா படித்து முடிக்கும் வரை— இது புதுமை விரும்பிகளுக்கு. குடிவரவுத் திணைக்களத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களுக்கும் பொருந்தும்.

தேவராஜாவும் மகாதேவனும் ஆயுளுக்கும் பேசாமல்— இதை மகாதேவன் அடித்துவிட்டான். தேவராஜா போன கிழமையும் ட்ரங்க் கோல் எடுத்தானாம். யானையைப் பற்றியே பேசிக் காசைக் கரைத்தார்களாம்.

எது நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. அது குடும்ப விஷயம். பொங்கல் மலரில் போடுவதற்கு அல்ல. வாசகர் தமக்கு ஒத்ததை எடுத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டலாம்.

ஒன்றை மட்டும் விட முடியாது. நாலு நாள் பட்டினி கிடந்த தமையனைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார்தான் இந்தச் சம்பந்தத்தை வேண்டாமென்று விட்டார்கள் என்று சிட்னியில் ஒரு கதை உலவுகிறது. அது பொய். மகேந்திரராஜா ஓம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாட்டேன் என்றவள் எங்கள் பெண்.