ஒரு நாளும் லீவு போடாதவள்

பள்ளிக்கூடத்துப் பெரிய மேடம் மைக்கைப் பிடித்துவிட்டால் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஒழுக்கம் என்றாள், தினசரி வருகை என்றாள், நாட்டின் எதிர்காலம் என்றாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த, பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் கொட்டாவியை முழுங்கிக்கொண்டு கேட்டாள். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாத அவள் மகளுக்கு இன்றைக்கு மெடல்.

முன்வரிசையில் அவள் புருஷன். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. வேலைவெட்டி இல்லாமல் பகலெல்லாம் குடித்துவிட்டு வீட்டில் கிடக்கிற மனுஷன், பிள்ளை கண்ணில் பட்டால் பெல்ட்டைக் கழற்றுகிற மனுஷன், பெத்த பெருமையில் பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூ, இதெல்லாம் ஒரு பிறவி.

காய்ச்சலில் உடம்பு கொதித்த நாளிலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தப் பிள்ளை. படிப்பு மேல் ஆசையா? மண்ணாங்கட்டி. வீட்டுக்குப் பள்ளிக்கூடம் தேவலை, அவ்வளவுதான். முன்பு ஒருமுறை, தான் ஷிப்ட் முடிந்து வரும்வரை மகளைப் பள்ளிக்கூட நூலகத்தில் உட்கார வைத்துக்கொள்ளச் சொல்லி, இதே பெரிய மேடத்தின் காலில் விழாத குறையாகக் கேட்டாள் இவள். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"வீட்டு விஷயத்தையெல்லாம் இங்க கொண்டு வராதீங்கம்மா. மணி அடிச்சா கேட்டைப் பூட்டணும், அதான் ரூல்" என்றாள் மேடம். அன்றிலிருந்து பிள்ளை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறது.

"இப்படி ஒரு பொண்ணை வளர்த்த அப்பாவே வந்து மெடலைப் போட்டுவிடணும்" என்றாள் இப்போது அதே மேடம். அன்றைக்குக் கேட்டதெல்லாம் காற்றோடு போயாச்சு போல. அவனும் தலைகால் புரியாமல் மேடையேறினான். மெடலோடு அவன் கையைத் தூக்கியதும், பிள்ளை கண்ணை இறுக மூடித் தோளைக் குறுக்கிக்கொண்டது.

"பாருங்க, என்ன ஒரு அடக்கம்" என்று மெச்சினாள் மேடம். கூடமே கைதட்டியது. கண்ணிருந்தும் குருடான கும்பல்.

அதோடு விட்டாளா? "இந்தச் சாதனையைக் கொண்டாட, நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு" என்றாள். பிள்ளைகள் கத்திய கத்தலில் காது அடைத்துப் போயிற்று. மெடல் வாங்கியவள் மட்டும் மேடையில் நின்றபடியே கடைசி பெஞ்சைத் தேடினாள்.

இறங்கி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "நாளைக்கு நான் எங்கம்மா போறது?"

"நானும் வேலைக்குப் போகலை. வா, சித்தி ஊருக்குப் போயிடலாம். இப்பவே."

"லீவு போட்டா, மாசம் முழுக்க வந்தா கம்பெனியில தர்ற அந்தக் கூடுதல் பணத்தைத் தரமாட்டாங்கன்னு சொன்னியே?"

"தராட்டி போறான்."

அந்தப் பணத்துக்காகத்தானே இவளும் ஒரு நாள் தவறாமல் ஓடினாள், பிள்ளையை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு. மேடையில் போட்டோவுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் மகளோடு வெளியே நடந்தாள்.

விழாவுக்கு வந்த விருந்தாளியை வழியனுப்பக் கேட்டுக்கு வந்த மேடம் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். "நாளன்னைக்குக் கரெக்டா வந்துடணும். அடுத்த வருஷமும் மெடல் உனக்குத்தான்."

"வரமாட்டா" என்றாள் அம்மா.