மேற்கு ஜன்னலின் அளவு

திரை போடும் கடையிலிருந்து வந்த வதீம் நாற்காலியில் ஏறி, கட்டிலுக்கு மேலாகக் கையை நீட்டி, ஜன்னலின் அகலத்தை டேப்பால் அளந்துகொண்டிருந்தான். கட்டிலில் சத்வகாஸ் கண்மூடிக் கிடந்தார். மருமகள் ஷோல்பான் பக்கத்தில் நின்று திரைத்துணி மாதிரிகளைப் புரட்டினாள்.

"மேற்கு வெயில் அக்கா. கம்ப்யூட்டர்ல வேலைன்னா கெட்டித் துணியாப் போடுங்க. பட்டனை அமுக்குனா ஏறும், இறங்கும். மோட்டார் சத்தமே கேக்காது."

"மெதுவாப் பேசு."

சமையலறை மேசையிலேயே அலுவலக வேலை பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. திரை வந்துசேர சில வாரங்களாகும். அதற்குள் மாமனாரின் இந்த அறை காலியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணவன் எர்மெக்கிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது மாமனார் விழித்துக்கொண்டார். துணியைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், பிறகு அவளை.

"அம்மாடி, இதுக்குப் போயா காசைக் கொட்டுவ? என்னைச் சுத்திப் புதைக்கற கபன் துணி பெட்டியில இருக்கு. உங்க அத்தை இருக்கும்போதே வாங்கி வெச்சது."

வதீம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேண்டாமென்று ஷோல்பான் தலையசைத்தாள்.

"சரி மாமா."

"மூஞ்சியை ஏன் தொங்கப் போடற? என் பொண்ணு உல்ஜானா இருந்தா இந்நேரம் அழுது ஊரைக் கூட்டியிருப்பா. நீ காரியக்காரி. வந்தவன் வந்தான், என்னையும் அளந்துக்கச் சொல்லு. கால் வெளிய தெரிஞ்சா மேல இருக்கறவங்க சிரிப்பாங்க."

மடங்கிக் கிடந்த முழங்கால்களை நீட்டப் பார்த்தார். ஒன்றுதான் நீண்டது. மற்றதை அவள் பிடித்து மெல்ல நீட்டினாள். வதீம் டேப்பின் நுனியைத் தலைமாட்டில் பிடித்துக்கொள்ள, அவள் பாதம்வரை இழுத்தாள்.

"எவ்வளவு?"

சொன்னாள்.

"பட்டாளத்துல இதைவிட உசரம்" என்றார்.

மறுநாள் விடியும்முன் போய்விட்டார்.

ஆண்கள் அடக்கத்துக்குப் போனதும் வீடு பெண்களால் நிறைந்தது. எல்லோர் முன்னாலும் உல்ஜான் ஷோல்பானைக் கட்டிக்கொண்டாள்.

"நேத்துச் சாயங்காலம் அப்பா போன் பண்ணாரு. 'நீங்கல்லாம் நான் பொழைச்சுக்குவேன்னு பொய் சொல்றீங்க. ஷோல்பான் ஒருத்திதான் எங்கிட்ட பொய் சொல்லல'ன்னாரு. பக்கத்துலயே இருந்து கபனுக்கு அளவெடுத்தாளாமே! எனக்கு அந்தத் தைரியம் வருமா?"

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். "குடுத்து வெச்ச மனுஷன்" என்றாள் ஒருத்தி.

நிறைந்த வயதில் போனவர் வீட்டில் துணி கிழித்துக் கொடுப்பார்கள், வாங்குகிறவருக்கும் அந்த ஆயுள் வரட்டும் என்று. உல்ஜான் துணியை எடுத்து ஷோல்பானின் மடியில் வைத்தாள்.

"நீயே குடு."

"அண்ணி, நீங்கதானே பெத்த பொண்ணு. நான் வேண்டாம்."

"சும்மா இரு. உனக்குத்தான் அந்த உரிமை."

ஷோல்பான் வாயைத் திறந்தாள். அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து, துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

முதல் துண்டு கோணலாக வந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி அதை இரண்டு கைகளாலும் வாங்கி, நெற்றியில் தொட்டு, சட்டைக்குள் பத்திரப்படுத்தினாள். அடுத்தவள் நகர்ந்து வந்து கையை நீட்டினாள்.