சிலுவைமுத்து விசில் ஊதினாரா?

1

இந்தக் கதை ஒரு பிரிண்ட் அவுட்டிலிருந்து வந்தது. இரண்டாயிரத்து ஐந்தில் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கதை எழுதுகிறவன் கடை நடத்தினால் கடையும் உருப்படாது, கதையும் உருப்படாது என்பான் என் மச்சான். கடை விஷயத்தில் அவன் வாய் பலித்துவிட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில் அவள்…’ அட, போங்கள். திண்டுக்கல்லில் ஏது மழை? நல்ல வெயில். ரோஸ்மேரி வியர்த்து வடிய வந்து, மெயிலைத் திறந்து, நாலு பக்க ஒப்பந்தத்தைப் பிரிண்ட் எடுத்தாள்.

“பாய், வேலை கெடச்சிருச்சு. வீட்லருந்தே பாக்கலாம். ஏழாவது கண்டிசன மட்டும் செத்த பாருங்க.”

2

(இங்கே கொஞ்சம் விவரம் சொல்லியாக வேண்டும். கதை நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ரோஸ்மேரி பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். அம்மா இல்லை. அப்பா சிலுவைமுத்து, வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர். பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் கழுத்தில் பழைய கண்டக்டர் விசில் தொங்கும். கோணிய வாயின் நல்ல பக்கத்தில் வைத்து ஊதுவார். ஒரு விசில் என்றால் ‘வா’. இரண்டு என்றால் ‘ஒன்றுமில்லை, போ’. பஸ்ஸை நிறுத்தவும் கிளப்பவும் ஊதிய அதே பழக்கம்.

புது வேலை சென்னைக் கம்பெனியுடையது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிந்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். ஏழாவது நிபந்தனை இது: நோயாளிகளின் ரகசியம் என்பதால் அறையை உள்ளே தாழிட வேண்டும், வேறு யாரும் இருக்கக் கூடாது, வேலை நேரத்தில் எழுந்து போகக் கூடாது.

“கதவு வச்ச ரூமு எங்க வீட்ல ஒன்னுதான் பாய். அதுலதான் அப்பா படுத்திருக்காரு. அவரப் பாத்துக்கத்தான் வீட்டு வேலை கேட்டேன். இவன் என்னடான்னா அவர வெளிய போடுங்கிறான்.”

3

கம்பெனி ஏற்கெனவே ஒருநாள் சோதனை வேலை கொடுத்திருந்தது. அன்று காலை அப்பாவின் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, கதவைத் தாழிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முடித்து வெளியே வந்தபோது சிலுவைமுத்து படுக்கையெல்லாம் நனைந்து கிடந்தார். தண்ணீர்ச் செம்பு உருண்டு மூலைக்குப் போயிருந்தது. விசில் அவர் கைக்குள் இருந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

அவர் ஊதினார். ஊதி, ஊதி, மூச்சு வாங்கி, மறுபடியும்…

[நிறுத்திவிட்டேன். தாங்கவில்லை.]

அவர் ஊதவில்லை. மகளுக்கு இந்த வேலையாவது நிலைக்கட்டும் என்று விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு…

[இது அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.]

ரோஸ்மேரிக்கும் தெரியாது. “கூப்ட்டியாப்பான்னு கேட்டேன். ரெண்டு விசில் ஊதுனாரு. நெசமாவே கூப்புடலையா, இல்ல எனக்காகப் பொய் சொல்றாரா பாய்?” கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை, அழுதாள்.

4

முடிவுக்கு அல்லாடினேன். ஒரு முடிவில் சிலுவைமுத்து இறந்துபோனார். அதை அடித்துவிட்டேன். அப்பாவைக் கொன்று மகளின் சிக்கலைத் தீர்ப்பது சோம்பேறி எழுத்தாளன் வேலை. இன்னொன்றில் கம்பெனி மனமிரங்கி ஏழாவது நிபந்தனையை நீக்கியது. எந்தக் கம்பெனி கதை படிக்கிறது?

(துணைக்கு ஒரு ஆள் வைக்கலாமே என்கிறீர்கள். சம்பளம் வந்தால் வைப்பாள். அதுவரை?)

பக்கத்து வீட்டில் மாயம்மாள் இருக்கிறாள். அவளுடைய ஜன்னல் ரோஸ்மேரி வீட்டு முன்னறையைப் பார்த்துத்தான் திறக்கும். விசில் சத்தம் கேட்டதா என்று அவளிடம் விசாரித்தால் போதுமே என்று அன்று கடையில் ரோஸ்மேரியிடம் சொன்னேன்.

“வாசல் வரைக்கும் போனேன் பாய். அக்கா வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிட்டு இருந்துச்சு. ‘ஏன்டி நிக்கிற’ன்னு கேட்டுச்சு. சும்மா வந்தேங்க்கான்னு திரும்பிட்டேன்.”

“ஏம்மா?”

“ஊதுனாருன்னு சொல்லிருச்சுன்னா?”

5

இத்தனை வருடம் கழித்து, மாயம்மாளை நான் பேச வைக்கலாம். என் கதைதானே. ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அதன் பிறகு ரோஸ்மேரி என்ன செய்தாள் என்றும் நான் சொல்லப் போவதில்லை.

கதைக்குள் அவள் இன்னும் என் கவுண்டர் முன்னால்தான் நிற்கிறாள். கையெழுத்துப் போட்டால் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவேன். சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் வேலை வேறு ஒருத்திக்கு.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். மாயம்மாளுக்குப் பதில் நீங்களே பக்கத்து வீட்டில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். அன்று காலை உங்கள் ஜன்னல் திறந்திருந்தது. இப்போது ரோஸ்மேரி உங்களிடம்தான் கேட்கிறாள்.

வாய் திறப்பதற்கு முன்னால் அவள் முகத்தை ஒருமுறை பாருங்கள். பேனா மூடியைக் கழற்றிவிட்டாள்.