வில்லசோர்தா மார்க்கேஸ் பட்டம் கைமாறிய கதை

வில்லசோர்தாவின் ஏழாவது மார்க்கேஸ் பல்தசாருக்கு நிலம் கிடையாது. மாளிகையில் பாதியைப் பல் மருத்துவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. மார்க்கேஸ் என்ற பிரபுப் பட்டம் மட்டும் மிச்சம். வேட்டைக்கு வந்த அரசரின் உயிரைத் தன் முன்னோர் காத்ததற்குக் கிடைத்தது அது என்று விருந்துதோறும் சொல்வார். அரசருக்கு வயிற்றாலே போக, முன்னோர் தன் கழிப்பறையைச் சில நாள் தந்து உதவினார் என்பதே ஊர் அறிந்த வரலாறு.

பல்தசாரும் அவர் சகோதரி காசில்தாவும் இரட்டையர். அப்பா இறந்தபோது, ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே பட்டம் என்று சட்டம் மாறியிருந்தது. ஆனாலும் பல்தசார், ஆண் பிள்ளைக்கே என்ற பழைய வழக்கப்படி எடுத்துக்கொண்டார். பன்றிப் பண்ணைகளுக்கு வைத்தியம் பார்த்த காசில்தா, "அதை வெச்சு பன்னிக்கு ஊசியா போட முடியும்?" என்று சிரித்துவிட்டார்.

ஊர்த் திருவிழாவன்று தேவாலயத்தின் முன்வரிசையில் காசில்தா வந்து உட்கார்ந்தார். பல்தசார் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"பன்னி வாடை அடிக்குது. பின்னாடி போய் உக்காரு. இது மார்க்கேஸ் குடும்பத்து இடம்."

"அப்போ நான் யாரு வீட்டுப் பொண்ணுடா?"

"ஊரே பாக்குது. எழுந்திரு."

எழுந்தவர் நேரே வக்கீல் வீட்டுக்குப் போனார்.

நீதிமன்றத்தில், தானே முதலில் பிறந்ததாகப் பல்தசார் சாதித்தார். பிறப்புப் பதிவில் இருவருக்கும் ஒரே நேரம்தான் இருந்தது. காசில்தாவின் வக்கீல், மதுக்கடைக்காரர் ஃபெர்மீனைச் சாட்சிக்கு அழைத்தார்.

"தன் பிறப்பைப் பத்தி மார்க்கேஸ் என்ன சொல்லுவார்?"

"ரெண்டாவது கிளாஸ் ஊத்தினதுமே ஆரம்பிச்சிடுவாருங்க. 'நான் பொறவியிலேயே கண்ணியவான். அம்மா வயித்துலேயே பொம்பளைக்கு வழிவிட்டுட்டு அப்புறம்தான் வந்தேன்'னு. எங்களுக்கெல்லாம் மனப்பாடம்."

நீதிபதி சிரிப்பை இருமலாக மாற்றினார். பட்டம் காசில்தாவுக்குப் போயிற்று.

அக்கா அதைத் தொழுவத்தில் வீசிவிடுவார் என்று பல்தசார் ஆறுதல் பட்டுக்கொண்டார். காசில்தாவோ ஊசி மருந்து ஏற்றிப்போகும் வண்டியில் குலச்சின்னத்தை வரையச் சொன்னார். பேர் சொல்லிக் கூப்பிட்ட ஃபெர்மீனிடம், "பொம்பளைன்னா மார்க்கேசா. இனி மார்க்கேசா அம்மான்னு சொல்லிப் பழகு" என்றார்.

அன்று மாலை பல்தசார் வழக்கம்போல மதுக்கடையில் சீட்டாட உட்கார்ந்தார். எல்லா ஆட்டமும் தோல்வி.

"இத்தனை வருஷத்துல நான் தோத்ததே இல்லையேப்பா!"

"அப்பல்லாம் நீங்க மார்க்கேஸ். விட்டுக்குடுத்தோம்," என்றார் ஃபெர்மீன். "சீட்டைப் போடுங்க பல்தசார், நேரமாகுது."