குட்டை நாற்காலியில் ஒரு அம்மா

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்கும் பெண், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபதிலிருந்து இரண்டு இடங்களில் இருக்கத் தொடங்கினாள். ஒருத்தி நீராவி இயந்திரத்தின் முன்னால் நின்று விரிப்புகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்கென்று செய்த குட்டை நாற்காலியில், முழங்கால்கள் மார்பை இடிக்க உட்கார்ந்திருந்தாள். இரண்டு இடத்திலும் அவளைப் பார்த்தவர்கள் உண்டு.

தப்பு அவளுடையதுதான், அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. புதிதாக வரும் பிள்ளைகளைப் பழக்குவதற்குக் காப்பகத்தின் ஆயா ஒரு அட்டவணை வைத்திருந்தாள். முதல் நாள் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து கால் மணி நேரம், அடுத்த நாள் அரை மணி, பிறகு அம்மா கதவுக்கு வெளியே, இப்படியே இரண்டு வாரம். எதில் விட்டுக்கொடுத்தாலும் ஒன்றில் மட்டும் ஆயா கறாராக இருந்தாள். போகும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். “அழுதா அழட்டும்மா. சொல்லிட்டுப் போனாத்தான் நீ போயிட்டேன்னு அதுக்குத் தெரியும். போனது தெரிஞ்சாத்தானே திரும்பி வர்றதும் தெரியும்?”

ஆனால் சலவைக்கூடத்து மேஸ்திரி நாலு காலைக்கு மேல் தாமதமாக வர விடவில்லை. ஐந்தாம் நாள் பிள்ளை உடும்பாகப் பிடித்துக்கொண்டது. பக்கத்து இயந்திரக்காரி முந்தின நாளே யோசனை சொல்லியிருந்தாள். “நீ எதுக்குச் சொல்லிக்கிட்டு நிக்கிற? கையில ஒரு பொம்மையைக் கொடு, நைசா நழுவிடு. என் ரெண்டையும் அப்படித்தான் விட்டேன்.” அவளும் பிளாஸ்டிக் கோப்பைகளைக் கொடுத்து, பிள்ளை அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியதும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருட்டுப் பூனைபோல வெளியேறினாள். அம்மா போவதாகச் சொல்லவில்லை. எனவே பிள்ளையைப் பொறுத்தவரை அம்மா போகவில்லை. நாலாவது கோப்பையோடு அது திரும்பிப் பார்த்தபோது அம்மா நாற்காலியில் இருந்தாள்.

மாலை ஐந்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்த அம்மாவைக் கண்டதும் பிள்ளை போய் நாற்காலிக்காரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அதே முகம், அதே நீலச் சட்டை. சட்டையில் சோப்புத்தூள் நெடி இல்லை, மணிக்கட்டில் நீராவி சுட்ட தழும்பு இல்லை, கண்ணில் தூக்கக்கலக்கம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். “யாருடி நீ?” என்று வேலையிலிருந்து வந்த இவள் கத்தினாள். நாற்காலிக்காரி பிள்ளையைப் பார்த்து மட்டும் சிரித்தாள். ஆயாவுக்கு ஆச்சரியமில்லை. “சொல்லாமப் போனா இப்படி ஆகிறதுதான். போன வருஷம் ஒரு அப்பா பதினோரு நாள் இருந்தார். தானா கரைஞ்சிடும், விடு.”

கரையவில்லை. திங்கட்கிழமை இவள் மண்டியிட்டு, பிள்ளையின் முகத்தைக் கையில் ஏந்தி, “அம்மா போயிட்டு வரேன் கண்ணு” என்றாள். பிள்ளை தபால்காரருக்குக் கையசைப்பதுபோல அசைத்துவிட்டு நாற்காலிக்காரியின் மடியில் ஏறிக்கொண்டது. ஏழு மாதம் தினமும் இதையே சொன்னாள். மாலையில் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போவாள், பிள்ளை வீட்டில் சாப்பாட்டைத் தொடாது, காலையில் காப்பக வாசலைக் கண்டதும் துள்ளும். இவ்வளவு நன்றாகப் பழகிய பிள்ளையைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று ஆயா வாய்விட்டுப் பாராட்டினாள். அன்று சலவைக்கூடத்தில் இவள் அழுதது நீராவியில் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஆயாவே மனமிரங்கி அட்டவணையைத் தலைகீழாக எழுதினாள். இம்முறை பிள்ளை பழக வேண்டியது பெற்றவளிடம். முதல் நாள் மூவரும் கால் மணி நேரம், அடுத்த நாள் அரை மணி. நாலாம் நாள் நாற்காலிக்காரி எழுந்து வெளியே போனாள், ஆயா கதவைச் சாத்தினாள். பிள்ளை வீறிட்டது. இவள் பாடினாள், கோப்பைகளை அடுக்கிக் காட்டினாள், கெஞ்சினாள். அழுத அழுகையில் பிள்ளைக்கு மூச்சு நின்று உதடு நீலம் பாரித்தது. “இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோ, வழிக்கு வந்துடும்” என்றாள் ஆயா. பெற்ற வயிறு எப்படிப் பொறுக்கும்? இவளே போய்க் கதவைத் திறந்து, “உள்ள வாம்மா” என்று அவளை அழைத்தாள்.

அதற்குப் பிறகு நாற்காலிக்காரியையும் வீட்டுக்கே கூட்டிப்போக வேண்டியதாயிற்று. இவள் சம்பாதித்தாள், சமைத்தாள், துவைத்தாள். அவள் பிள்ளையை வைத்திருந்தாள். கப்பலில் வேலை பார்க்கும் கணவன் விடுமுறைக்கு வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிள்ளை யார் இடுப்பில் இருந்ததோ அவளிடம் பெட்டியைக் கொடுத்தான். இவள் காபி போட அடுப்படிக்குப் போனாள்.

இரண்டு வருடம் கழிந்து பிள்ளை பெரிய வகுப்புக்கு மாறியபோது புதிய படிவம் வந்தது. பிள்ளையை அழைத்துப் போக வருகிறவர்கள் யார் யார், என்ன உறவு என்று அதில் கேட்டிருந்தார்கள். முதல் வரியில் அம்மா என்று நாற்காலிக்காரியை எழுதிவிட்டு ஆயா பேனாவை நிறுத்தினாள். “உன்னை என்னன்னு போடட்டும்மா?” பிள்ளையும் விளையாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. இந்தப் பெண்ணிடம் அது இத்தனை நாள் ஒதுங்கியே இருந்ததற்குக் காரணம், அம்மா இருக்கும்போதே தன்னை அம்மா என்று சொல்லிக்கொண்டு வந்ததுதான்.

“சித்தின்னு போடுங்க” என்றாள் இவள்.

சித்திகளிடம் பிள்ளைகளுக்குப் பயமில்லை. அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது பிள்ளை ஒரு கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தானாகவே இவளிடம் நீட்டியது. “சித்தி கை சூடா இருக்கு” என்று அம்மாவிடம் சொன்னது. பிள்ளை கையை இழுத்துக்கொள்ளாமலிருக்க, இவள் விரல்களை மூடாமல் விரித்தே வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தாள்.