சத்தமில்லாத ஒரு மாதம்

பாலத்துக்கு இந்தப் பக்கம் முழு வீட்டு வரி, அந்தப் பக்கம் பாதி. இதையே அவள் கணவர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவள், "சரி, போவோம். ஆளை விடுங்க" என்று சொன்னது வரிக்காக அல்ல. அவருடைய இதயத்துக்கு இனிமேல் இரைச்சல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் குடியிருந்ததோ ஓர் அச்சகத்தின் மாடியில். முப்பத்தொரு வருஷம் கணவர் அங்கேதான் பிழை திருத்தினார். இரண்டு ஷிப்டும் காலடியில் இயந்திரம் தடதடக்க, உப்பு கேட்பதென்றாலும் தொண்டை கிழியக் கேட்டே பழகிவிட்டார்கள் இருவரும்.

மாடி வீட்டை விற்று, பாலம் தாண்டி, அடுத்த மாகாணத்தில் ஒரு சின்ன வீடு வாங்கினார்கள். இரண்டு அறை, வெயில் விழும் சமையலறை, சுற்றிலும் ஆளுயர வேலிச்செடி. தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. யார் வீட்டில் ஸ்பூன் விழுந்தது என்று தெருக்கோடியில் இருப்பவர் சொல்லிவிடலாம், அப்படி ஓர் அமைதி. அதற்கு நடுவில் இவர்கள் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வாரம் தபால்பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. 'நீங்கள் பேசுவது எங்களுக்கும் கேட்கிறது. தவறாக எண்ண வேண்டாம்.' கையெழுத்து இல்லை.

அவளுக்கு உயிரே போயிற்று. "போன வாரம் உங்க மூல வியாதியைப் பத்திப் பேசினோமே!"

"அதுவுமா கேட்டிருக்கும்?"

"நீங்க போட்ட சத்தத்துக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கமே கேட்டிருக்கும்."

அன்றோடு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அழைப்பு மணியும் அலறுகிறதே என்று அவள் அதன் ஒயரைக் கழற்றிவிட்டாள். இந்தக் காதுகளுக்கு மெதுவாகப் பேசினால் விளங்காது. ஆகவே எல்லாம் துண்டுச் சீட்டில் நடந்தது. அவள் மருந்துக்கடையில் இருபது வருஷம் நின்றவள். 'டீ: காலை 1, மாலை 1, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதி நீட்டுவாள். அவர் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் கோடு இழுத்து, 'மதியம் 1 விடுபட்டுள்ளது' என்று திருத்தித் திருப்பி அனுப்புவார்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், யாரோ ஒருவர் வாசல் கதவில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

வரி அலுவலக அதிகாரி. அந்த மாகாணத்தில் பாதி வரி என்பது அங்கேயே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். வீட்டை வாங்கிப் பூட்டிவிட்டுப் பழைய ஊரிலேயே இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால், முதல் வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார்கள். ஆளில்லை என்று எழுதிவிட்டால் முழு வரி, மேலே அபராதம். கணவரின் பென்ஷன் அதைத் தாங்காது. வீட்டை விற்றுவிட்டு மறுபடி எங்காவது ஓர் இரைச்சலுக்குத்தான் போக வேண்டும். டாக்டர் சொன்னது நினைவுக்கு வர, அவள் ஈரக்கையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"நாங்க இங்கதான் இருக்கோம் சார்" என்றாள், மெதுவாக.

"நோட்டீஸ் ஒட்டுறப்போ எல்லாரும் எங்கிருந்தோ வந்து இதைத்தாம்மா சொல்றாங்க. பெல் அடிச்சேன், சத்தமே இல்ல. எதிர்வீட்ல கேட்டேன். ஒரு மாசமா இங்க ஆள் அரவமே இல்லங்கறாங்க."

எதிர்வீட்டு வேலிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பல் டாக்டரம்மா. அதிகாரி திரும்பி, "இவங்களைத் தெரியுமா மேடம்?" என்று கேட்டார்.

டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பார்த்த ஞாபகமே இல்லையே சார்."

"ரெண்டு பேர் சொன்னாப் போதும். ஒருத்தர் கூடச் சொல்ல மாட்டேங்கறாங்க, நான் என்னம்மா பண்றது?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

வீட்டுப் பத்திரம் பச்சைப் பையில் இருந்தது. பை கணவரின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவரோ உள்ளே குறுக்கெழுத்துப் போட்டிக்குள் மூழ்கிக் கிடந்தார். அவளுக்குச் சீட்டும் நினைவில்லை, தெருவும் நினைவில்லை.

"ஏங்க! காது என்ன அடைச்சுப் போச்சா? அந்தப் பச்சைப் பையை எடுத்துக்கிட்டு வாங்க!"

"எந்தப் பை?" வீட்டுக்குள்ளிருந்து இடி இறங்கியது.

"உங்க கட்டிலுக்கு அடியில கிடக்குதே, அது!"

"அது நீலம்டீ!"

டாக்டரம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு எம்பினாள். "ஐயோ, இவங்கதான் சார்! இந்தக் குரல்தான்!"

பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. அங்கே ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், முகமெல்லாம் சவர நுரை. "வந்துட்டீங்களாம்மா? எங்கே போனீங்க இத்தனை நாளா?"

"எங்கேயும் போகலைங்க. சீட்டு வந்துச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தோம்."

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான்தான் போட்டேன். காலையில ஆறு மணிக்கு மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணுவீங்கன்னு நினைச்சேன். ஒரேயடியா நிறுத்திட்டீங்களே!"

"அதை எழுதியிருக்கக் கூடாதா?"

"தப்புதான். அது கிடக்கட்டும், உங்க நாத்தனார் என்ன ஆனாங்க? அறுபது வயசுல கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு நின்னாங்களே?"

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் டிரைவர். "பண்ணிக்கிட்டாங்களா, இல்லையா?"

அதிகாரி பேனாவை மூடாமல், "ரெண்டு பேரும் இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். நோட்டீஸை உரித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை. "யாரு மாப்பிள்ளை?"

அவள் வாயெடுப்பதற்குள் கணவர் நீலப் பையோடு வாசலுக்கு வந்து, நடுத்தெருவில் நின்று கதையை ஆரம்பித்துவிட்டார். சொந்தத் தங்கையின் கதையைத் தப்புத் தப்பாகச் சொன்னார். கல்யாணம் நடந்த கிழமை தப்பு. மாப்பிள்ளை செய்த வேலை தப்பு. யார் முதலில் அழுதது என்பதுகூடத் தப்பு. ஊரார் பிழையை ஆயுசு முழுக்கத் திருத்திய மனுஷர். அவள் கதவில் சாய்ந்து, ஒரு மாதமாகக் கேட்காத அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றையும் திருத்தவில்லை.